நத்தையோடு வந்த பல் டாக்டர்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பேரங்காடியில், மான்ஸ்டர்களை மோதவிடும் வீடியோ கேம் போட்டி நடந்தது. அரையிறுதியில் என் எதிரே உட்கார்ந்தவர் பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில் பல் டாக்டராம். ஐம்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. ஒவ்வொரு முறை தாக்குவதற்கு முன்பும், "கொஞ்சம் வலிக்கும் தம்பி" என்பார்.

என்னிடம் எல்லோரும் எடுக்கும் நெருப்பு டிராகன். பல மாதம் பழகியிருந்தேன். அவரிடம் யாருமே எடுக்காத நத்தை. சுற்றி நின்றவர்களோடு நானும் சிரித்தேன். நத்தை விஷத்தைக் கக்கிவிட்டு ஓட்டுக்குள் போய்க் காத்திருந்தது. டிராகன் அடித்து அடித்து, விஷமேறி விழுந்தது.

"ஏன் டாக்டர் நத்தைய எடுத்தீங்க?"

"டிராகன எப்படி அடிக்கிறதுன்னு எல்லாருக்கும் தெரியும். நத்தைய அடிக்க யாரும் படிக்கல லா."

இறுதிப் போட்டியில் அவரைச் சந்தித்த பெண், எங்கள் ஆட்டத்தை நின்று கவனித்தவள். நத்தையைச் சுலபமாக வீழ்த்திவிட்டாள்.

"இனி வேற மான்ஸ்டர் மாத்திடுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் மாத்தணும்? இப்பதான் ஒருத்தராச்சும் இத மதிச்சு படிச்சிட்டு வந்திருக்காங்க."

தோற்றவர் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.