மாரிமுத்து அண்ணனும் பூக் கட்டாத சுவிட்சும்

மாரிமுத்து அண்ணன் இறந்துவிட்டாராம்...

காலையில் அண்ணனின் ஊரான ராகலையிலிருந்து ஒரு நண்பர் மெசேஜ் அனுப்பினார். நம்பவில்லை. இன்னொருவருக்கு போன் போட்டேன், அவரும் ஆமாம் என்றார். "உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டால் முதல் நண்பரின் பேரையே சொல்கிறார்!

அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "ரெண்டும் ஒரே வயர்ல வந்தா அது ரெண்டு இல்லடா தம்பி, ஒன்னுதான்" என்பார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டாயிரமாம் ஆண்டு தொடங்கிய காலத்தில் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அவர் எலக்ட்ரீஷியன். நான் லாபியில் இருந்த பெரிய மீன் தொட்டிக்குப் பொறுப்பு. ஓ.எல். பரீட்சை என்னைக் கைவிட்டது, மீன்கள் ஏற்றுக்கொண்டன.

முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு கண்ட்ரோலர் கொண்டுவந்திருந்தார். தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் ஒரு சின்னத் தொட்டி. அதில் தண்ணீர் குறைந்தால் ஃப்ளோட் சுவிட்ச் கீழே இறங்கும், கண்ட்ரோலர் பம்பைப் போட்டு நிரப்பும். நிரம்பினால் ஃப்ளோட் மேலே வரும், பம்ப் நிற்கும்.

நிற்க வேண்டும்... ஒரு நாள் நிற்கவில்லை. லாபி கார்பெட் முழுக்கத் தண்ணீர்.

நான் பைப்பைத் திறந்துவிட்டுப் போனதாக யாரோ மேனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் சிங்களமும் தமிழும் கலந்து ஒரே வரியில் முடித்தார். "தம்பி, ஆயெத் கார்பெட் நனைஞ்சா நீ கெதர போ, சரிதானே?" இன்னொரு தடவை என்றால் வீட்டுக்கு. வீட்டில் மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் கும்பிட்ட நேரம்.

மேனேஜரிடம் சொன்னது யார்? என் சந்தேகம் முழுக்க மாரிமுத்து அண்ணன் மேல். அன்று மேனேஜர் அறையிலிருந்து அவர் வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த மனிதர்தான் மறுநாள் இன்னொரு ஃப்ளோட் சுவிட்சோடு வந்து நிற்கிறார். என் வேலையில் இவருக்கு என்ன திடீர் அக்கறை? ஒவ்வொரு வயரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"ஏன்டா மொறைக்கிற?"

"மொறைக்கலண்ணே, படிக்கிறேன்."

"ஓ.எல். எழுதுறப்ப படிச்சிருக்கலாமே."

புதுச் சுவிட்சைப் பழையதற்குக் கொஞ்சம் மேலே பொருத்தினார். கண்ட்ரோலரில் காலியாக ஒரு ஓட்டை இருந்தது. அதில் செருகினால் வேலை முடிந்ததே என்றேன்.

"அந்தப் பொட்டிக்குக் கிறுக்குப் புடிச்சா?"

அதனால் அதற்குத் தனி வயர். தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்தால், கண்ட்ரோலர் என்ன சொன்னாலும் ஒரு ரிலே பம்புக்குப் போகும் கரண்டை வெட்டிவிடும், ஒரு பெல்லும் அடிக்கும். இதை மூன்று தடவை வாளியில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார். மூன்று தடவையும் சரியாக வேலை செய்ததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது!

ஆள் அப்படி. பஸ்ஸில் கண்டக்டர் "ராகலை" என்று கத்தினாலும் டிரைவரிடம் ஒருமுறை கேட்பார். இரண்டு பேரும் ஒரே பஸ்காரர்கள் என்று, உள்ளே உட்கார்ந்திருப்பவரிடமும் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. ஹோட்டலில் நம்ம பொடியன்கள் எல்லா மெஷினையும் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். அண்ணன் கண்ட்ரோலருக்குச் சந்தனம் வைத்தார், கீழ் ஃப்ளோட் சுவிட்சுக்குச் செவ்வந்திப் பூ ஒன்றை நூலால் கட்டினார்.

மறுநாள் காலை டிங்...டிங்... என்று பெல். ஓடினேன். எனக்கு முன்பே மேனேஜர் நிற்கிறார், கார்பெட்டைக் கையால் தடவிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் மகளின் பால்மா டின்தான் என் கண்ணில் தெரிந்தது.

கார்பெட் காய்ந்திருந்தது. பம்ப் நின்றிருந்தது.

அலுமாரியைத் திறந்தால், பூவைக் கழற்றியவர்கள் நூலை விட்டுவிட்டார்கள். அது அடியில் சிக்கி ஃப்ளோட்டைக் கீழேயே இழுத்துப் பிடித்திருந்தது. பாவம் கண்ட்ரோலர், தண்ணீர் குறைவு என்றே நம்பிப் பம்பை ஓட்டியிருக்கிறது. மேல் சுவிட்ச்தான் வெட்டியிருக்கிறது.

"அண்ணே, மேல உள்ளதுக்குப் பூக் கட்டலையா?"

"கட்டல."

"ஏன்?"

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "சாமியையும் ஒரே வயர்ல நம்பக் கூடாதுடா."

அந்தத் துணிச்சலில் நானும் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு மேனேஜர்கிட்ட என்னப் போட்டுக் குடுத்தது நீங்கதானே?"

"யாரு சொன்னா ஒனக்கு?"

"நானே பாத்தேன்."

"நீ மட்டுமா?" என்று கேட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது அண்ணே.

மத்தியானம் அவர் வீட்டு நம்பருக்கே அடித்தேன். அண்ணனின் மனைவி, அக்காதான் எடுத்தார். "அக்கா..." என்று இழுத்தேன்.

"நெசந்தான் தம்பி" என்றார் அவரே. "நானும் ரெண்டு டாக்டருங்ககிட்ட தனித்தனியா கேட்டுட்டேன்."

நாளைக்குக் காலை ராகலை பஸ்ஸில் வருகிறேன் அண்ணே. டிரைவரிடமும் கேட்டுவிட்டு ஏறுகிறேன்.

செவ்வந்திதான் கொண்டுவருவேன். நூலைக் கழற்றிவிட்டே வைக்கிறேன்.