ஏணியை விட்ட கைகள்

பிள்ளைகளே, காலையில் பல்ப் மாற்ற ஏணியைச் சாத்தியபோது அதன் தலை சுவரில் உராய்ந்து சற்று இறங்கியது. நான் வெளிறிப்போனதைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சத்தம் எனக்குப் பழையது.

கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோன பிறகு, களுதாவளைப் பக்கம் சுனாமி வீடுகள் கட்டினார்கள். உங்கள் அப்பப்பா, என் அப்பா, அங்கே சுவர் கட்டும் மேசன். வெறும் கடல் மணலில் ஏணி நிற்காது. ஏணியைக் கட்டுவதற்குக் கயிறு கேட்டால், “ஆள் நிக்கிறான்தானே, புடிக்கட்டும்” என்பார் வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர். பிடிக்கும் ஆள் அம்மாவின் தம்பி, என் மாமா.

“விட்டிராத மச்சான், உன்ட அக்காவுக்கு வேற மாப்பிள்ள கிடைக்காது” என்று மேலிருந்து பகிடி விடுவார் அப்பா.

நாட்டில் சண்டை நடந்த காலம்; ஒருநாள் நான் சோறு கொண்டுபோயிருந்தேன். றோட்டில் ஆமி ட்ரக் வந்து நின்றது. குதித்து இறங்கிய ஒருவன் துவக்கை நீட்டி, “கை தூக்கு!” என்று கத்தினான். மாமா இரண்டு கைகளையும் தூக்கினார். மேலே நின்ற அப்பாவோடு ஏணி சுவரில் உராய்ந்தபடி சரிந்தது. அப்பாவின் முதுகெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மா தம்பியின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

“அவன ஏசாத புள்ள. தூக்காட்டிச் சுட்டிருப்பானுகள்” என்றார் அப்பா.

நாட்டில் சண்டை முடிந்த பிறகும் மாமா எங்கள் வாசலுக்கு வரவில்லை. அப்பா கடைசிவரை எழுந்து நடக்கவில்லை.

அதனால்தான் இன்றும் கட்டிவிட்டு ஏறினேன். நீங்களும் ஏணியைக் கட்டாமல் ஏறாதீர்கள். பிடிப்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அவருடைய கை அவருக்கே சொந்தமில்லாத ஒரு நேரம் வரலாம்.