முப்பத்தெட்டு ஷார்ட்கட்டும் ஒரு செல்வியும்

போன வியாழக்கிழமை என் விரல் ஒரு தப்பு செய்துவிட்டது. விரல் என்றுதான் இப்போதைக்குச் சொல்வேன். நான் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

மௌஸைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து, மௌஸைத் தேடி, அம்புக்குறியை நகர்த்தி, மெனுவைத் திறந்து... அதற்குள் நான் நாலு வரி அடித்துவிடுவேன்.

எங்கள் மல்லேஸ்வரம் ஆபீஸில் எல்லாம் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள். புரோகிராம் எழுதும் எடிட்டரில் எந்தக் கீ என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நான் முப்பத்தெட்டு ஷார்ட்கட் எழுதி வைத்திருக்கிறேன். சேமிப்பதற்கு ஆல்ட்டும் எஃப்-4ம். இடது கை ஒன்றே போதும் - வலது கையில் காபி!

அதோடு விட்டேனா? மெனு இடத்தை அடைக்கிறது என்று மறைத்துவிட்டேன். மூடும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்பது நச்சரிப்பாக இருந்தது, அதையும் அணைத்துவிட்டேன். சேமிக்காமல் மூடுகிற ஆளா நான்?

இதெல்லாம் என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர் முதல் நாளே சீனியரின் செட்டிங்ஸ் ஃபைலை அப்படியே காப்பி செய்துகொள்வார். என் டீமில் பதினோரு பேர். பதினோரு பேரிடமும் என் ஃபைல்தான்.

அதில் ஒருவர் செல்வி. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். எட்டு வருஷம் டேட்டா என்ட்ரி வேலை பார்த்துக்கொண்டே புரோகிராமிங் படித்தவர். சேர்ந்து ஆறு மாதம் முடிகிறது. வேலை நிரந்தரமா இல்லையா என்பது வியாழன் நாலு மணிக்குத் தெரிந்துவிடும். ஓர் ஆஸ்பத்திரிக்காக அவர் எழுதிய டோக்கன் புரோகிராமைக் கிளையன்ட் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் கிளையன்ட் ஏதோ மாற்றச் சொல்ல, இருநூறு வரி புதிதாக எழுத வேண்டியதாகிவிட்டது.

வியாழன் காலையிலேயே நாங்கள் மற்றவர்கள் எல்லாம் வைட்ஃபீல்டில் ஒரு ட்ரெயினிங்குக்குப் போயிருந்தோம். இரண்டரை மணிக்கு நான் மட்டும் திரும்பி வந்தேன். செல்வி வாசலுக்கே வந்துவிட்டார்.

“சார், ஸ்வல்ப வாங்க சார், கொஞ்சம் பாருங்க. ரெண்டு வாட்டி போயிடிச்சு.”

“எது போச்சு?”

“காலையிலேர்ந்து அடிச்சது பூராவும் சார். சேவ் பண்றேன், விண்டோவே காணாமப் போவுது. மூணாவது வாட்டி அடிச்சு அப்படியே வெச்சிருக்கேன். தொடவே பயமா இருக்கு.”

“வேற ஏதாவது கீயை அழுத்தியிருப்பீங்க. தள்ளுங்க, நான் பண்றேன்.”

உட்கார்ந்தேன். ஆல்ட். எஃப்-4. சற்று ஸ்டைலாகவே அழுத்தினேன்.

விண்டோ போய்விட்டது.

“இப்டித்தான் சார் ஆவுது” என்றார் செல்வி, மெதுவாக.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விஷயம் இவ்வளவுதான். நாம் அழுத்தும் கீ நேராக எடிட்டருக்குப் போவதில்லை. விண்டோக்களை நிர்வகிக்கும் புரோகிராம் ஒன்று, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி, முதலில் அதைப் பார்க்கும். தனக்கு வேண்டாம் என்றால்தான் உள்ளே விடும். எங்கள் பழைய வாட்ச்மேனுக்கு ஆல்ட், எஃப்-4 மேல் அக்கறை இல்லை. புதன்கிழமை ராத்திரி எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் போட்டார்கள்; அதோடு வாட்ச்மேனும் மாறிவிட்டார். புது வாட்ச்மேனுக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்று - விண்டோவை மூடு! எடிட்டராவது ‘சேமிக்கவா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் தப்பித்திருக்கும். அதன் வாயைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேனே!

சரி, ஒப்புக்கொள்கிறேன். விரல் இல்லை, நான்தான். ரொம்ப வெட்கமாக இருந்தது.

என் ஃபைலைத் தூக்கிவிட்டு எடிட்டரைத் திறந்தோம். மெனு வந்தது. செல்வி நாலாவது முறையாக அடிக்க ஆரம்பித்தார். பத்து வரிக்கு ஒரு தரம் மௌஸை எடுத்து, மெனுவைத் திறந்து, சேவ். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அந்த அம்புக்குறி போகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை உதவுகிறேன் என்று கீபோர்டில் கை வைத்தேன். இடது கை தானாக ஆல்ட்டுக்குப் போயிற்று.

“சார், நீங்க காபி குடிச்சிட்டு வாங்களேன்” என்றார் செல்வி.

நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். மேனேஜர் நாகராஜ் எட்டிப் பார்த்தார். “செல்வி, ரெடி ஆய்த்தா?”

“ஆச்சு சார்.”

நாலாவது முறை எழுதியது நூற்று நாற்பது வரிதான். முதல் மூன்றையும்விடச் சுத்தமாக இருந்தது. கிளையன்ட் நாலு டோக்கன் போட்டுப் பார்த்தார், நாலும் சரியாக வந்தன. காலையிலிருந்து நடந்ததையும், அது யாரால் என்பதையும் நாகராஜிடம் நானே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை செல்விக்கு வேலை நிரந்தரம் என்று லெட்டர் கொடுத்துவிட்டார்கள்.

என் ஷார்ட்கட்டுகள் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். சேமிக்க வேறு கீ வைத்துவிட்டேன். ‘சேமிக்கவா?’வையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை புதிதாக ஒருவர் சேர்ந்தார். வழக்கப்படி என்னிடம் வந்து செட்டிங்ஸ் ஃபைல் கேட்டார். செல்வியிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

அந்த ஃபைலில் ஒரு வரிகூட இல்லையாம். பிரமாதமாக வேலை செய்கிறதாம்!