மாடு நின்ற இடங்கள்

சேலத்தை எனக்குச் சுற்றிக் காட்டியவை இரண்டு மாடுகள். ஒன்று சாம்பல் நிற மயிலை, ஒன்று சிவப்பு நிறச் செவலை. மனிதர்கள் காட்டியிருந்தால் கோட்டை, கோயில், ரயில் ஜங்ஷன் என்று எல்லோரும் பார்க்கிற இடங்களையே காட்டியிருப்பார்கள். மாடுகளுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

மாடுகள் என் அண்ணனுடையவை. ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரிலிருந்து நிலக்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு, செவ்வாய்தோறும் செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்குப் பார வண்டி ஓட்டினார். திரும்பும்போது வெறும் வண்டியாக வரக்கூடாது என்று சாயம் போட்ட நூல் ஏதாவது கிடைத்தால் ஏற்றி வருவார். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் ஐப்பசியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். நான் அதுவரை காடும் கிணறும் என்று கிடந்தவன். காரியம் முடிந்ததும் வண்டி என் கைக்கு வந்தது. துக்கமும் கூடவே வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது உடம்பு முழுவதும்.

முதல் திங்கட்கிழமை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணி மாடு கட்டும் கட்டுத்தரைக்கு வந்தார். அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். அவர் என்னைப் பார்க்காமல் செவலையின் வயிற்றைத் தடவிக்கொண்டே பேசினார்.

"தம்பி, சேலத்துல ஒருத்தி இருக்கறா."

நான் மூட்டையை இறக்கி வைத்தேன்.

"சந்தைக்குப் போயிட்டு வர்ற மாடு காஞ்ச வயித்தோட வரோணும். இது ரண்டும் நெறஞ்ச வயித்தோட வரும். நான் வெக்கற தவிட்டை மோந்துகூடப் பாக்காது. சந்தையில ஆருங்க மாட்டுக்குத் தவிடு கரைச்சு வெக்கறாங்க? பொம்பளை இருக்கற ஊடுன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

"அண்ணனைக் கேட்டீங்களா?"

"கேக்கலீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் கேக்கலை." கை செவலையின் முதுகுக்கு நகர்ந்தது. "அவ இன்னும் பூ வெச்சுக்கிட்டுத்தான் இருப்பா. ஆளு செத்தது தெரியாம இருக்கறது ஆருக்கும் ஆகாதுங்க. கண்டுபுடிச்சுச் சொல்லிப்போட்டு வாங்க."

கோபத்தில் சொன்னாரா, இரக்கத்தில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. சரி என்று மட்டும் சொன்னேன்.

அத்தனை பெரிய ஊரில், பெயரும் தெருவும் தெரியாத ஒருத்தியை எங்கே போய்த் தேடுவது? செத்துப்போன என் அண்ணனோடு பழகிய பெண் யார் என்று வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. மூட்டையை இறக்கிவிட்டுப் பெரிய வீதியிலேயே போய்வந்தேன். ஒவ்வொரு சந்து வந்தபோதும் மாடுகள் இடதுபக்கம் இழுத்தன. நான் கயிற்றைப் பிடித்து நேரே திருப்பினேன். இழுத்து இழுத்துக் கை காய்த்துப்போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. எனக்குத் தெரியாது, அவற்றுக்குத் தெரியும். கயிற்றைத் தளர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன்.

மண்டிகளுக்குப் பின்னால், வண்டி உரசாமல் போவதே பெரிது என்கிற ஒரு சந்துக்குள் போய் நின்றன. ஒரு பக்கம் நீளமான சுவர். அதில் கதவு இல்லை. ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. நடந்து போகிறவனுக்கு அது எட்டாது. வண்டியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும் சரியாக முகத்துக்கு நேரே இருக்கும். நான் திகைத்து உட்கார்ந்திருக்கும்போதே அதற்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கையில் ஒரு சொம்பு மோர். வண்டிக்காரர்களுக்கு என்றே வைத்த கடை! குடித்து முடித்த பிறகுதான் கைக்குரிய கிழவர் முகத்தைக் காட்டினார்.

"மாடு அதே மாடு. ஆளு மாறிப்போச்சே?"

"அவர் தம்பிங்க நான். அவர் தவறிட்டாரு."

கிழவர் கொஞ்ச நேரம் ஜன்னலில் இல்லை. திரும்பி வந்து, கேட்காமலே இன்னொரு சொம்பு நீட்டினார். அண்ணன் இந்த ஊரில் வேறு எங்கெல்லாம் நிற்பார் என்று கேட்டேன்.

"அதை என்னைக் கேட்டா? மாட்டைக் கேளு" என்றார்.

மாட்டைத்தான் கேட்டேன். அவை அடுத்தடுத்த வாரங்களில் என்னென்னவோ காட்டின. இரண்டு வீடுகளின் பின்சுவருக்கு நடுவில், கதவகலம் கூட இல்லாத ஓர் இடுக்கில் ஒரு சாமி இருந்தது. வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் காலடியில் தேய்ந்துபோன கடையாணிகள் குவியலாகக் கிடந்தன. சக்கரம் கழலாமல் ஊர் போய்ச் சேர வண்டிக்காரர்கள் பழைய கடையாணியை அங்கே போட்டுவிட்டுப் போவார்களாம். சாமிக்கு ஏன் இந்தக் கோபம் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னோரிடத்தில் ஒரே கிணற்றுக்கு இரண்டு தெரு. பாதிக் கிணறு ஒரு வீட்டுக்குள், பாதி வெளியே, நடுவில் சுவர். உள்ளே ஒரு பெண் தண்ணீர் இறைக்கிறாள், வெளியே ஒரு பெண் இறைக்கிறாள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லையாம். ஆனாலும் கிணற்றுக்குள் குரல் விட்டு, குழம்பு என்ன என்று பேசிக்கொள்கிறார்கள். வேறு சமயமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அப்போது எல்லாவற்றையும் கல்லைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு சந்து. சாயப் பட்டறைக் கழிவுநீர் அதன் நடுவே ஓடும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். கோழிகளின் காலெல்லாம் அந்தந்த வாரத்து நிறம். சந்தின் பாதியில் நெசவுக்காரர்கள் பாவு நீட்டியிருப்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீள நூலையெல்லாம் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பது அது. பாவு கட்டியிருக்கும்வரை யாரும் குறுக்கே போகமுடியாது. மாடுகள் ஒரு மூடிய கதவுக்கு முன்னால் தாமாகவே நின்றன. பாவுக்காக நிற்கின்றன என்று நினைத்தேன். பாவைச் சுருட்டி எடுத்த பிறகும் நகரவில்லை. சாட்டையால் இரண்டு போட்டேன். இப்படியே சில வாரங்கள். கதவு ஒருமுறையும் திறக்கவில்லை, பெயர் தெரியாத வீட்டைத் தட்ட எனக்கும் துணிவில்லை.

ஊருக்குத் திரும்பினால் நங்கை ஒன்றும் கேட்கமாட்டார். மாட்டின் ஒட்டிய வயிற்றைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார்.

எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் மாட்டின் கழுத்து மணியைக் கழற்றிவிடுவது வழக்கம். காரியம் முடிந்ததும் திரும்பக் கட்ட வேண்டும். அதைக் கட்டச் சொல்ல வேண்டியவர் அண்ணன். அவர் இல்லை, வேறு யாரும் சொல்லவில்லை, நானும் கட்டவில்லை. வெறுங்கழுத்தோடுதான் மாடுகள் அந்தச் சந்துக்குள் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை திருப்பத்தில், தலையில் நூல் மூட்டையோடு வந்த பெண்மணி நுகத்தடியில் இடித்துக்கொள்ளப் பார்த்தார். "மணி கட்டாம வண்டி ஓட்டறியே, மாடு வருதுன்னு நான் ஜோசியமா பாப்பேன்?" என்று தெருவே கூடும்படி ஏசினார். நியாயம்தானே. அடுத்த வாரம் மணியைக் கட்டிக்கொண்டு போனேன்.

சந்து திரும்பியதுமே அந்தக் கதவு திறந்தது.

கையில் தவிட்டுச் சட்டியோடு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். விரல்களெல்லாம் நீலம். தலையில் கனகாம்பரம். வண்டியில் இருப்பது யார் என்று அவள் பார்க்கவே இல்லை. சட்டியை மயிலையின் வாய்க்கு நேரே வைத்து, அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டே பேசினாள்.

"இத்தனை நாளா எங்க போயிட்டீங்க? செவ்வாக்கெழமையானா தவிட்டை ஊறவெச்சு, மணிச்சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்து, கடைசியில எதுத்த வீட்டு எருமைக்கு ஊத்தறேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். மொட்டையடித்த என் தலையில் முடி இன்னும் சரியாக வளர்ந்திருக்கவில்லை. எனக்கு அண்ணனின் முகஜாடை உண்டு. வழியெல்லாம் நான் மனதில் தயார் செய்துவைத்திருந்த பேச்சுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"எப்போ?" என்றாள்.

"ஐப்பசியில. காச்சல்."

எதிர்வாசலில் இரண்டு பெண்கள் ராட்டையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவள் முகத்தை மாட்டின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சாம்பல் கரைச்சாச்சுங்களா?"

"பவானியில கரைச்சாச்சு."

"அப்போ நான் செய்ய வேண்டியது ஒண்ணும் இல்லை."

"அழுவோணுமுன்னா அழுதுருங்க" என்றேன். அதைவிட முட்டாள்தனமாக யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

"இங்க அழுதா யாருக்குன்னு கேப்பாங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி. "இந்தச் சந்துக்கு அவர் நூல் ஏத்த வர்ற வண்டிக்காரர். வண்டிக்காரருக்கு யாராச்சும் அழுவாங்களா?"

செவலையும் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு தலையில் இருந்த பூவை எடுத்து, எதிர்வாசலுக்குத் தெரியாமல் காலிச் சட்டிக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. எனக்கு அப்போதும் எதுவும் வரவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

ஊரில் நங்கை கட்டுத்தரையில் நின்றிருந்தார். வண்டி நிற்பதற்குள் கேட்டார்.

"சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிட்டனுங்க."

"அழுதாளா?"

இல்லை என்றேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். நங்கை குனிந்து வைக்கோலை அள்ளினார். அள்ளியதைப் போடாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த செவ்வாக்கெழம அவளக் கூட்டியாங்க."

"எங்கீங்க?"

"இங்கதான், நம்ம ஊட்டுக்கு. உள்ள வந்து சத்தம் போட்டு அழுவட்டும். ஆருக்குன்னு இங்க ஒருத்தரும் கேக்கமாட்டாங்கன்னு சொல்லுங்க."

மாட்டை அவிழ்க்கப் போன கை அங்கேயே நின்றுவிட்டது. நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் இறந்த பிறகு முதல்முறையாக அழுதேன்.