யாரும் கேட்காத படத்தின் டப்பா

சிட்லபாக்கத்தில் குடியிருந்த சமயம். பழைய சினிமா டிவிடிகளை அனுப்பினால், வேறு படம் வாங்கிக்கொள்ள கிரெடிட் தருவதாக ஓர் இணையதளத்தில் போட்டிருந்தார்கள். பீரோ மேல் தூசி படிந்து கிடந்த இருபது டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி, குரோம்பேட்டை கூரியர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். பிசைந்த சோறு அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"அந்த இங்கிலீஷ் கப்பல் படத்தையுமா அனுப்பிட்டே?"

"அதை யாருமே பார்க்கிறதில்லையேங்க!"

"அதனாலதான்டி நம்ம கல்யாண டிஸ்க்கை அதுக்குள்ள வெச்சேன்!"

சொந்தக்காரர்கள் இரவல் வாங்கிப் போய்க் கீறல் போட்டுவிடுவார்கள் என்று அவர் செய்த ஏற்பாடாம். காலமாகிவிட்ட என் அப்பா பேசுவதும் சிரிப்பதும் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது.

ஸ்கூட்டரில் பறந்தோம். பார்சல்களைச் சாக்கில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். "பத்து நிமிஷம் லேட்டா வந்திருந்தா வண்டியில ஏத்தியிருப்போம்க்கா" என்றபடி எங்கள் பெட்டியை எடுத்துக் கொடுத்தார் அங்கிருந்தவர்.

அன்று சாயங்காலம் டிஸ்க்கைப் போட்டோம். பந்தியில் அப்பா, "இவ அவசரக்காரி மாப்ள, நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சிரிக்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறோம்.

இப்போது எந்த டப்பாவையும் திறந்து பார்க்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை. கல்யாண டிஸ்க்குக்கு ஒரு காப்பி எடுத்து, இரும்புலியூரில் அண்ணன் வீட்டில் வைத்திருக்கிறோம். எங்களுடையது டிவி பக்கத்திலேயே இருக்கிறது. கீறல் விழக்கூடாதென்று ஒளித்து வைத்து, அப்பா இருந்தபோது அவரோடு உட்கார்ந்து ஒரு தடவைகூட அதைப் பார்க்காமல் விட்டுவிட்டோம்.