நாற்பத்திரண்டு சின்னங்கள்

2025 ஜூலை 9, புதன்கிழமை, காலை பத்தே கால். சாரல். மேற்கே மலை தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கு வெளியே குடையோடு நின்றிருந்தேன். உள்ளே என் மனைவி, அறுபத்து மூன்று வயதில், பழகுநர் உரிமத்துக்கான கணினித் தேர்வை இரண்டாம் முறையாக எழுதிக்கொண்டிருந்தாள்.

கண் அறுவைக்குப் பிறகு எனக்கு வண்டி ஓட்டத் தைரியம் இல்லை. ராஜபாளையத்து வீட்டில் ஸ்கூட்டர் ஐந்து மாதமாகத் துணி மூடிக் கிடந்தது. மகாராஜபுரத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் தன் அக்காவைப் பார்க்க அவள் பஸ் மாறி மாறிப் போக வேண்டியிருந்தது. "நானே ஓட்டுதேன்" என்றாள். முதல் தேர்வில் தோற்றதும், "இன்னொரு தடவை பாப்பேன். அதுவும் போச்சுன்னா வண்டியை வித்துருங்க" என்றாள்.

முதல் முறை சொல்லிக்கொடுத்தவன் நான். மில் கணக்கில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். வாய்ப்பாடு படித்து வளர்ந்தவன். சாலைச் சின்னங்கள் நாற்பத்திரண்டையும் புத்தக வரிசைப்படி நான் சொல்ல, அவள் திருப்பிச் சொல்வாள். ஒரு பிழை வராது. ஆனால் கணினி நடுவிலிருந்து கேட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் முதல் சின்னத்திலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். நேரம் முடிந்துவிட்டது.

மதுரையில் கல்லூரியில் உளவியல் நடத்தும் எங்கள் மகள் போனில் சிரித்தாள்.

"நீங்க எம்புட்டு தடவை சொல்லிக் குடுத்தீங்கங்கிறது கணக்கில்லப்பா. அம்மா எம்புட்டு தடவை தானா யோசிச்சு எடுத்தாங்க, அதான் கணக்கு. வரிசையைக் கலைச்சுக் கேளுங்க. ரெண்டு நாள் விட்டு, பாதி மறந்த பொறவு கேளுங்க. தேடி எடுத்தாத்தான் மூளையில நிக்கும்."

மறப்பதற்கென்று நாள் விடுவதா? எனக்கு மனசே ஒப்பவில்லை. ஆனாலும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் சின்னங்களை வரைந்து, சீட்டுகளாக வெட்டி, கலைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் பதினேழு தப்பு.

"ஏட்டி, புத்தகத்தை ஒரு தடவை பாத்துக்கோயேன்."

"பேசாம இருங்க. வருது."

வெங்காயமும் கையுமாக, கண்ணை மூடித் தேடுவாள். பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிடும். "வாய் அரிக்குதுன்னா வெத்தலை போட்டுக்கோங்க" என்பாள். தப்பாகச் சொன்ன சீட்டை மட்டும் திருப்பிக் காட்டுவேன். பிறகு இரண்டு நாள் இடைவெளி, அப்புறம் நான்கு நாள். மூன்றாவது வாரம் தப்பு இரண்டு. அதுவும் நான் கோணலாக வரைந்த சீட்டுகள்.

பத்தே முக்காலுக்கு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. பாஸ்."

"எது தப்பு?"

"இப்பச் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் விட்டுக் கேளுங்க."

உரிமம் வாங்க வந்து நின்ற இளவட்டங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று குடையை அவள் பக்கமே பிடித்து, பஸ் ஸ்டாண்டு வரை நனைந்துகொண்டே நடந்தேன். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால் அவளுக்கு டிக்கெட் கிடையாது. இரண்டு தடவை கட்டிய கட்டணம், என் டிக்கெட், அக்காவுக்கு வாங்கிய அரைக் கிலோ பால்கோவா எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு அறுநூற்று எண்பத்து நான்கு ரூபாய்.