பம்பர் குஞ்சம்மா

குஞ்சம்மா முதலில் விரல் முட்டியால் பம்பரைத் தட்டிப் பார்ப்பார். நடுவில் இரண்டு தட்டு, ஓரத்தில் ஒரு தட்டு. பிறகு குனிந்து முகர்வார். பக்கத்தில் நிற்கும் கார்ச் சொந்தக்காரர், "இஞ்சின் இன்னும் நல்லாத்தான் இருக்குக்கா" என்று தொடங்கினால், "இஞ்சின் சங்கதிய எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குக் காடி ஓட்டவே தெரியாது" என்று வாயை அடைத்துவிடுவார். பொய்யில்லை. நாற்பத்து மூன்று வயதாகிறது, லைசென்சு எடுத்ததில்லை. ஆனாலும் அவர் ஊரான செங் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள், கறுப்பாக வாங்கிய பம்பர் சாம்பலாக வெளுத்ததும் தேடி வருவது அவர் வீட்டு வாசலைத்தான்.

வாரத்தில் ஆறு நாள் அவர் பிளாஸ்டிக் தொழிற்சாலைத் தொழிலாளி. அச்சிலிருந்து சுடச்சுட விழும் பெட்டிகளின் பிசிறைக் கத்தியால் சீவுவது வேலை. கை தவறி மடங்கிய இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் வெள்ளை பூத்துவிடும். அதன்மேல் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை நாலு தடவை ஆட்டினால் கறுப்பு திரும்பிவிடும். அங்கே வேலை செய்யும் அத்தனை பேரும் தினமும் பார்க்கிற காட்சி அது. ஆனால் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது வெளுத்த பம்பரோடு போன ஒரு காரைப் பார்த்து, 'இவனுக்கும் அதே வைத்தியம்தானே' என்று நினைத்தவர் குஞ்சம்மா ஒருவர்தான். அடுத்த வாரமே சொந்தமாக ஒரு ஹீட் கன் வாங்கினார். பழகியது வீட்டுக் குப்பைத்தொட்டி மூடியில். அந்த மூடி இன்றும் அப்பளம்போல் நெளிந்து கிடக்கிறது.

பல்கலைக்கழகப் பாடநூலில் பம்பரின் இந்த வெளுப்புக்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். குஞ்சம்மா, "வெயில் குடிச்சிருச்சு" என்பார். பாடநூல் இரண்டு பக்கத்தில் விளக்குவதும் அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முன்வாசல் கூரைக்கடியில் ஒரு கார் நிற்கும். பக்கவாட்டுக் கண்ணாடியில் பிளாஸ்டிக் பையில் கட்டிய, பால் விடாத ஐஸ் தேநீரான தே ஓ ஐஸ் தொங்கும். வேலை முடியும்வரை அது கரைந்து வெந்நீரானாலும் அதையேதான் உறிஞ்சுவார். வாடிக்கையாளர் பெயர் எதுவும் அவர் நினைவில் நிற்காது. "நாலு எட்டு ரெண்டு வந்தாரு, அவரு தங்கச்சிக்குக் கல்யாணமாம்" என்று கார் எண்ணைச் சொல்லித்தான் ஊர்க்கதை பேசுவார்.

1996 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, புக்கிட் பெருவாங்கிலிருந்து தம்புசாமி தம் டாக்சியைக் கொண்டுவந்தார். பத்து வருடம் ஓடிய சாகா ரகக் கார். ஆயர் குரோவில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டல், தன் வாசலில் நிற்க ஆறு டாக்சிகளுக்கு நிரந்தர இடம் கொடுத்தது. பழசாகத் தெரியும் வண்டிக்கு இடமில்லை. ஐந்து இடம் போய்விட்டது. ஆறாவதற்கு அன்று மாலை நாலு மணிக்குச் சோதனை. அதுவும் போனால், அறுபதை நெருங்கும் வயதில் பஸ் நிலையத்தில் நின்று ஆள் கூவ வேண்டியதுதான்.

குஞ்சம்மா பம்பரைத் தொட்டார். விரலில் பிசுபிசுவென்று புழுதி ஒட்டியது.

"என்னண்ணே இது?"

"நல்லெண்ண தடவினேன்."

"நல்லெண்ணயா!"

"கோயில்ல கல்லு சாமிக்குத் தடவினா கறுகறுன்னு மின்னுதுல்ல? அதான். ராஜம்மா சொன்னா."

"அப்படியே ஒரு வடமாலையும் போட்டிருக்கலாமே, உங்க சம்சாரம்!"

பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தார். எண்ணெய் ஒரு சொட்டு இருந்தாலும் சூட்டில் கருகிக் கறையாகிவிடும். தேய்த்துக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்தபோது தம்புசாமி பதறினார். நம்பர் பலகைக்குப் பக்கத்தில் மூன்று விரலால் இழுத்த திருநீற்றுப் பட்டை, பிளாஸ்டிக்கின் வரிகளுக்குள் இறுகிக் கிடந்தது.

"அத மட்டும் விட்டுரு தங்கச்சி. வெள்ளிக்கு வெள்ளி ராஜம்மா பூசுறது. தொட்டா எனக்கு வீட்ல சோறு கெடைக்காது லா!"

"சூடு பட்டா அது வெந்து உள்ளயே ஒட்டிக்கும்ணே. சாமிய நான் சமாளிச்சுக்குறேன். அக்காவ நீங்க சமாளிங்க."

தேய்த்தார். திருநீறு கரைந்து வழிந்த இடத்தில், வெளுத்த பம்பரின் நடுவே, மை தீட்டினாற்போல் மூன்று கறுப்புக் கோடுகள் தெரிந்தன.

"ஐயோ! வெள்ளக் கோட்ட அழிச்சா கறுப்புக் கோடு வருதே!"

குஞ்சம்மாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பத்து வருசமா இந்த எடத்துல வெயில் படாம அக்கா காவல் காத்திருக்காங்கண்ணே. இதான் இவனோட பொறந்த நெறம். மத்ததெல்லாம் இதுக்கு வந்து சேரணும்."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னதன் கனம் அவருக்கே உறைத்தது. மற்ற கார்களில் எவ்வளவு கறுப்பு வந்தாலும் சொந்தக்காரர் சந்தோஷப்பட்டுக்கொண்டு போவார். இந்தக் கார் அளவுகோலையும் கையோடு கொண்டுவந்திருக்கிறது. கொஞ்சம் குறைந்தாலும் மூன்று கோடும் தழும்புபோல் நிற்கும்.

முதல் சுற்று முடிந்தது. பம்பர் கறுத்திருந்தது. கோடுகள் மங்கலாகத் தெரிந்தன.

"தெரியுது" என்றார் தம்புசாமி.

"தெரியுதுதான்."

மணி இரண்டு. தம்புசாமி தயங்கித் தயங்கி, "லேசா ஷூவுக்குப் போடுற சப்பாத்து மை பூசிட்டா?" என்று கேட்டார்.

"பூசலாமே. அந்த ஓட்டல்காரன் வெரல வச்சான்னா உங்க மானம் அவன் வெரல்ல ஒட்டிக்கும்."

இரண்டாம் சுற்றுக்கு ஹீட் கன்னை இன்னும் இரண்டு விரற்கடை நெருக்கிப் பிடித்தார். இதில்தான் ஆபத்து. ஒரு கணம் கை நின்றால் தோல்போன்ற வரிகள் உருகி வழவழவென்று ஆகிவிடும், அதை எந்த வைத்தியராலும் மீட்க முடியாது. குஞ்சம்மா பேச்சை நிறுத்தினார். கண்ணைவிட மூக்கை நம்பினார். வாசனை மாறத் தொடங்கும் அந்த நொடியில் கை விலகியது, மறுபடி நெருங்கியது, விலகியது. வெளுத்த பரப்பு ஈரம் பட்டதுபோல் ஒரு கணம் மினுங்கிப் பிறகு கறுத்து அடங்கியது. பத்து நிமிடம் ஆறவிட்டு வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

தம்புசாமி மண்டியிட்டு விரலால் தடவித் தடவித் தேடினார். "எந்த எடத்துல இருந்துச்சு?"

"எனக்கும் தெரியல" என்றார் குஞ்சம்மா, மிகுந்த திருப்தியோடு.

"நீயும் வா. கேள்வி கேட்டான்னா நீயே பதில் சொல்லு" என்று தம்புசாமி அவரையும் ஏற்றிக்கொண்டு போனார். ஹோட்டல் வாசலில் சூப்பர்வைசர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். முன்னால் குனிந்து கட்டைவிரலால் பம்பரை அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். தம்புசாமியும் அந்த விரலைத்தான் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. "போலே" என்று சம்மதம் சொல்லித் தலையாட்டி, அனுமதி ஸ்டிக்கர் ஒன்றைக் கொடுத்தார்.

தம்புசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டிக்கரின் பின்தாளை அங்கேயே உரித்து, பளபளக்கும் பம்பரின் நட்டநடுவில் ஒட்டக் குனிந்தார்.

கார்க் கதவு படாரென்று திறந்தது. குஞ்சம்மா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "இங்க ஒட்டினா நாளைக்கு இதுவும் கறுப்புக் கட்டமா நிக்கும்ணே!" ஸ்டிக்கரை அவர் விரலிலிருந்து பிரித்தெடுத்து, முன்கண்ணாடியின் மூலையில் வைத்து, நாலு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார்.